நடைபாதை நிலவரம்

காலை ஏழு மணிச் செய்தி முடிந்ததும் போக்குவரத்து நிலவரம் வாசிப்பது என் வேலைகளில் ஒன்று. கூட்டரசு நெடுஞ்சாலையில் கிள்ளானிலிருந்து தலைநகர் நோக்கி நெரிசல், ஜாலான் பங்சாரில் மெதுவான நகர்வு, சுபாங் அருகே லாரி பழுது. மழை நாளாக இருந்தால் பட்டியல் இரண்டு மடங்காகும். பல ஆண்டுகளாக வாசித்து வாசித்து, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன்.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு நேயர் வாட்சப்பில் ஒலிச்செய்தி அனுப்பியிருந்தார். "தங்கச்சி, தினமும் கார்க்காரங்களுக்கு நிலவரம் சொல்றீங்க. நல்லதும்மா. நடக்கிறவனுக்கும் ஒரு நாளைக்குச் சொல்லுங்களேன். துன் சம்பந்தன் ரோட்டுல இன்னைக்கு மஞ்சக் கோட்டு மேல எத்தனை மோட்டார் நிக்குதுன்னு யாராவது சொன்னா எனக்கு உதவியா இருக்கும்."

பிரிக்பீல்ட்ஸில் உடம்புப்பிடி நிலையம் ஒன்றில் வேலை செய்கிறார் அவர். பிறவியிலேயே பார்வை இல்லை. கேலியாகச் சொன்னாரா, கோபமாகச் சொன்னாரா என்று குரலை வைத்துக் கணிக்க முடியவில்லை. குரலை வைத்துச் சம்பாதிக்கிற எனக்கே அது பிடிபடாதது கொஞ்சம் உறுத்தியது. அழைத்துப் பேசினேன். "வாங்க, ஒரு தடவை என்கூட நடந்து பாருங்க" என்றார். ஒரு சனிக்கிழமை காலை, கே.எல். சென்ட்ரலில் சந்தித்தோம்.

அங்கிருந்து அவர் வேலை செய்யும் இடம் ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. நான் தனியாக நடந்தால் பன்னிரண்டு நிமிடம். அன்று எங்களுக்கு ஆனது முப்பத்தைந்து நிமிடம்.

நு சென்ட்ரல் பேரங்காடிக்குள் அவர் என்னை விட வேகமாக நடந்தார். தரை சமம், குளிர்சாதனத்தின் சத்தம் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியும், நகரும் படிக்கட்டின் ஓசை வழிகாட்டியது. வெளியே வந்து துன் சம்பந்தன் சாலையில் கால் வைத்ததும் நிலைமை மாறியது. வெள்ளைத் தடியின் நுனி தரையில் எதையோ தேடியது. கிடைத்ததும் முகம் தளர்ந்தது. அது மஞ்சள் ஓடு.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். சிலர் அதை அலங்காரம் என்று நினைத்திருக்கலாம். நீளமான மேடுகள் உள்ள ஓடு "நேராகப் போ" என்கிறது. புள்ளி புள்ளியாக மேடு உள்ள ஓடு "நில், முன்னால் சாலை இருக்கிறது, அல்லது படி, அல்லது திருப்பம்" என்கிறது. மிக எளிமையான மொழி. ஜப்பானில் செய்இச்சி மியாக்கே என்பவர் உருவாக்கி, 1967ஆம் ஆண்டு ஒக்காயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே முதன்முதலாகப் பதித்தார். அங்கிருந்து உலகம் முழுவதும் பரவி பிரிக்பீல்ட்ஸுக்கும் வந்து சேர்ந்தது. இங்கே அது வந்ததில் வியப்பில்லை. 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் இங்கேதான் உள்ளது. பயிற்சிக்கு வந்தவர்கள் இங்கேயே வேலை தேடி, வீடு தேடி, குடும்பமாகத் தங்கிவிட்டார்கள். நாட்டில் வேறெந்தத் தெருவிலும் இத்தனை வெள்ளைத் தடிகளை ஒரே நேரத்தில் பார்க்க முடியாது.

ஓடு சொல்வதை ஓட்டின் மேல் நிற்கும் மோட்டார் சைக்கிள் கேட்பதில்லை. முதல் ஐம்பது அடியிலேயே ஒன்று நின்றது. அண்ணன் தடியால் அதன் சக்கரத்தைத் தட்டிப் பார்த்து, இடதுபுறம் சுற்றிக்கொண்டு போனார். இடதுபுறம் என்றால் சாலை. பேருந்து வரும் சாலை. நான் அவர் கையைப் பிடித்தேன். "பிடிக்காதீங்கம்மா, நீங்க என் தோளுக்கு முன்னால நடங்க, நான் உங்க முழங்கையைப் பிடிச்சுக்கிறேன்" என்றார். பார்வையற்றவரை அழைத்துப் போகும் முறை அதுதானாம். இத்தனை வயதில் எனக்கு அது தெரியாது.

போகப் போக எண்ணிக்கொண்டே வந்தேன். மோட்டார் சைக்கிள்கள் ஐந்து, கார்கள் இரண்டு, உணவகத்தின் அறிவிப்புப் பலகை ஒன்று, காய்கறிப் பெட்டிகள், உடைந்து மேலெழுந்த ஓடு, மஞ்சள் பாதை நேராகப் போய் முட்டும் ஒரு கம்பம். மொத்தம் பதினொன்று. கம்பத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மோட்டாரை நிறுத்தியவர் ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவார். கம்பத்தை நட்டவர், பாதையைப் பதித்தவர், இரண்டையும் ஒப்புதல் அளித்துக் கையெழுத்திட்டவர் எல்லாம் அந்த இடத்தில் ஒரு தடவை நடந்திருந்தாலே போதும்.

"லிட்டில் இந்தியா எப்படி இருக்குன்னு எல்லாரும் கேப்பாங்க" என்றார் நடுவில். "மல்லிகை வாசம் வந்தா பூக்கடை. வடை வாசம் வந்தா அந்த முனை. தலைக்கு மேல மோனோரயில் போனா நான் சரியான பக்கம் நடக்கிறேன்னு அர்த்தம். ஆர்ச் கட்டினாங்க, நீரூற்று வச்சாங்க. அதெல்லாம் கண்ணுக்கு. எனக்கு என்ன கட்டினாங்கன்னா இந்த மஞ்சக் கோடு ஒண்ணுதான். அதையாச்சும் காலியா விட்டா போதும்."

2010ஆம் ஆண்டு அக்டோபரில் இந்த லிட்டில் இந்தியாவை அப்போதைய பிரதமர் நஜிப்பும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் சேர்ந்து திறந்து வைத்தபோது நான் பல்கலைக்கழக மாணவி. வண்ண வளைவுகளைப் பார்த்துப் பூரித்துப் போனவர்களில் நானும் ஒருத்தி. 2015இல் தோரண வாயில் வந்தது. இன்றும் வெளியூர் உறவினர் வந்தால் அங்கேதான் அழைத்துப் போய்ப் படம் எடுக்கிறேன். அழகு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. படம் எடுப்பவர் ஒரு மணி நேரம் நிற்கிற தெருவில், வாழ்கிறவர் ஒரு நாளில் நான்கு தடவை நடக்கிறார். தெருவை வடிவமைக்கிறபோது யாரை மனத்தில் வைத்துக்கொண்டார்கள் என்பதே என் கேள்வி.

பிரிக்பீல்ட்ஸின் கதையே நகரத் திட்டமிடலின் கதைதான். 1881இல் கோலாலம்பூர் முதலில் தீயில் எரிந்தது, பிறகு வெள்ளத்தில் மூழ்கியது. அத்தாப்புக் கூரையும் மரமும் இனி வேண்டாம், செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டுங்கள் என்று பிரிட்டிஷ் அதிகாரி ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் உத்தரவிட்டார். கப்பித்தான் யாப் ஆ லோய் உள்ளிட்டவர்கள் செங்கல் சூளை வைத்த நிலம்தான் பிரிக்பீல்ட்ஸ். ஊர் முழுவதும் கடை வீடுகள் எழுந்தன. கடை முன்னால் ஐந்தடி அகலத்தில், வெயிலும் மழையும் படாமல் நடக்கும் தாழ்வாரம் விட வேண்டும் என்ற விதி, 1822இல் சிங்கப்பூருக்கு ராபிள்ஸ் வகுத்த திட்டத்திலிருந்து வந்தது. மலாயில் காக்கி லீமா. நம் தாத்தாமார் அதை அஞ்சடி என்றார்கள். யோசித்துப் பாருங்கள், காரே இல்லாத காலத்தில் நடப்பவனுக்கு என்று ஐந்தடி எழுதி வைத்திருக்கிறார்கள். பழைய கடை வரிசைகளில் இன்றும் அது இருக்கிறது, பாதியில் மேசை நாற்காலியும் மீதியில் சாமான்களுமாக.

சூளைக்குப் பிறகு ரயில் வந்தது. பணிமனையும் சரக்கு ரயில் நிலையமும் வந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குமாஸ்தாக்களும் நிலைய அதிகாரிகளும், தமிழ்நாட்டிலிருந்து வந்த தண்டவாளத் தொழிலாளர்களும் இங்கே குடியேறினார்கள். ஜாலான் ஸ்காட்டில் கந்தசுவாமி கோயில், விவேகானந்தா ஆசிரமம், தமிழ்ப்பள்ளி என்று ஒரு நூற்றாண்டு வாழ்க்கை இந்தச் சில சாலைகளுக்குள் அடங்கியது. ரயில்வே குடும்பங்களுக்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய 'ஹண்ட்ரட் குவாட்டர்ஸ்' வரிசை வீடுகளை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2014ஆம் ஆண்டை ஒட்டி அவை இடிக்கப்பட்டன.

அந்தப் பக்கம் திரும்பும்போது அண்ணன் நின்றார். "முன்னெல்லாம் இங்க சாயந்திரம் பிள்ளைங்க பந்து விளையாடுற சத்தம் கேக்கும். ரேடியோ பாட்டு கேக்கும். அதை வச்சுத்தான் இங்க திரும்பணும்னு எனக்குத் தெரியும். இடிச்சதுக்கு அப்புறம் கொஞ்ச நாள் திருப்பத்தைத் தவற விட்டுட்டேன்." பாரம்பரியக் கட்டடம் போனதே என்று நாம் வருந்திக் கட்டுரை எழுதினோம். ஒருவருக்கு அவருடைய வரைபடமே போயிருக்கிறது.

கே.எல். சென்ட்ரல் எழுந்ததும் அந்தப் பழைய ரயில் நிலத்தில்தான். 72 ஏக்கர். கோலாலம்பூர் விமான நிலையத்தை வடிவமைத்த ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவாவின் திட்டம். 2001இல் திறந்தார்கள். நாட்டின் பல ரயில் பாதைகள் கூடும் இடம் என்ற பெருமை. ஆனால் 2003இல் வந்த மோனோரயில், அதே கே.எல். சென்ட்ரல் என்ற பெயருடன், சாலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டது! ரயிலிலிருந்து ரயிலுக்கு மாற, பெட்டி படுக்கையோடு வெயிலிலும் மழையிலும் கட்டுமானத் தடுப்புகளுக்கு நடுவே நடந்தோம். 2014இல் நு சென்ட்ரல் திறந்த பிறகுதான் கூரைக்கடியில் போக முடிந்தது. இருநூறு எட்டுகூட இல்லாத இடைவெளியை அடைக்கப் பதினோரு ஆண்டுகள். 2017இல் எம்.ஆர்.டி. வந்தபோது பாடம் படித்திருந்தார்கள். மியூசியம் நெகாரா நிலையத்தோடு சேர்த்தே இணைப்பு நடைபாதையும் வந்தது.

இந்த இடத்தில் பெரிய திட்டங்களைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். கோலாலம்பூரின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 19 லட்சத்து 80 ஆயிரம். பரப்பளவோ 243 சதுர கிலோமீட்டர்தான். இதற்கு மேல் நிலம் கிடைக்காது. எனவே நகரம் மேல்நோக்கித்தான் வளரும். எங்கே, எவ்வளவு உயரம், எந்தத் திடல் திடலாகவே இருக்கும் என்பதையெல்லாம் சொல்பவை இரண்டு ஆவணங்கள். ஒன்று கோலாலம்பூர் கட்டமைப்புத் திட்டம் 2040. இது 2023இல் அரசிதழில் வெளியானது. மற்றொன்று கோலாலம்பூர் உள்ளூர்த் திட்டம் 2040. அது 2025இல் அமலுக்கு வந்தது. 'அனைவருக்குமான மாநகர்' என்பது இவற்றின் தாரக மந்திரம். 2040க்குள் பயணங்களில் எழுபது விழுக்காடு பொதுப் போக்குவரத்திலும் முப்பது விழுக்காடு சொந்த வாகனத்திலும் நடக்க வேண்டும் என்பது இலக்கு.

எழுபதுக்கு முப்பது! காலையில் நெரிசல் வாசிக்கிற எனக்குக் கேட்கவே இனிக்கிறது. ஆனால் ரயிலில் போகிறவர் ரயில் நிலையத்தில் பிறந்து அலுவலகத்தில் இறங்குவதில்லை. வீட்டிலிருந்து நிலையம் வரையும், நிலையத்திலிருந்து வேலை வரையும் அவர் பாதசாரி. கையில் குழந்தை இருக்கலாம், முட்டி வலி இருக்கலாம், மழை பெய்யலாம். அந்த அரை கிலோமீட்டர் சரியில்லை என்றால் அவர் மறுநாள் கார் சாவியைத்தான் எடுப்பார். கோடிக்கணக்கான வெள்ளியில் போட்ட தண்டவாளம் ஒரு மோட்டார் சைக்கிளிடமும் ஒரு மூடியில்லாத கால்வாயிடமும் தோற்றுப் போகிறது.

திட்டம் என்பது காகிதம்தானே, யார் மதிக்கிறார்கள் என்று சிலர் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான சந்தேகம். இதற்கு முந்தைய 2020ஆம் ஆண்டுக்கான மாநகர்த் திட்டத்தின் வரைவு 2008இல் வெளியானது. அரசிதழில் வந்ததோ 2018 அக்டோபரில். திட்டத்தின் காலமே முடிய இரண்டு ஆண்டுதான் மிச்சம். இடைப்பட்ட பத்து ஆண்டுகளில் எத்தனை கோபுரங்கள் எழுந்தன என்பதை ஜன்னலைத் திறந்தாலே பார்க்கலாம்.

இருந்தாலும் காகிதத்துக்குப் பல் உண்டு என்று காட்டிய வழக்கு ஒன்று இருக்கிறது. அதில் நம்மவர்களின் கதையும் கலந்திருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பகுதியில் தாமான் ரிம்பா கியாரா என்ற பூங்கா இருக்கிறது. 25 ஏக்கர். அதன் ஒரு பகுதியை எடுத்து நாற்பது மாடிகளுக்கு மேல் உயர்ந்த அடுக்குமாடிகள் கட்ட 2017இல் மேம்பாட்டு அனுமதி தரப்பட்டது. சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2018இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். 2023 ஏப்ரல் 18ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றமும் அனுமதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. கட்டமைப்புத் திட்டம் சட்டப்படி மதிக்கப்பட வேண்டிய ஆவணம், அதிலிருந்து விலகினால் மாநகர் மன்றம் காரணம் சொல்லியாக வேண்டும், பாதிக்கப்படும் குடியிருப்பாளர்களுக்கு வழக்குத் தொடுக்க உரிமை உண்டு என்பது தீர்ப்பின் சாரம். ஒரு பூங்காவுக்காகத் தொடங்கிய வழக்கு, இந்த நகரில் வீடு வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரு கதவைத் திறந்து வைத்தது.

ஆனால் அதே நிலத்தில் இன்னொரு கூட்டமும் இருந்தது. அந்த இடம் ஒரு காலத்தில் புக்கிட் கியாரா ரப்பர் தோட்டம். தோட்டத்தை அரசு எடுத்துக்கொண்டபோது அங்கே பால்மரம் வெட்டிய குடும்பங்களை, பெரும்பாலும் தமிழர்கள், 1980களின் தொடக்கத்தில் நீள்வீடுகளில் குடியேற்றினார்கள். தற்காலிகம் என்றார்கள். நிரந்தர வீடு வரும் என்றார்கள். தற்காலிகம் நாற்பது ஆண்டுகளாக நீண்டது. சர்ச்சைக்குள்ளான அந்த மேம்பாட்டுத் திட்டத்தில்தான் அவர்களுக்கான வீடுகளும் ஒரு தொகுதியாகச் சேர்க்கப்பட்டிருந்தன. ஆகவே வழக்கில் அவர்களும் ஒரு தரப்பாக, பூங்காவைக் காக்க வந்தவர்களுக்கு எதிர்ப்பக்கத்தில் நின்றார்கள்.

பூங்காவா, தோட்டப் பாட்டாளியின் வீடா என்று நம் மக்களைக் கேட்டால் என்ன சொல்வார்கள்? நான் வானொலியில் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன், தொலைபேசி சூடாகிவிட்டது. என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். கேள்வியே தவறு. நீள்வீடுகளுக்கு மாற்று வீடு கட்ட மொத்த நிலத்தில் ஒரு சிறு துண்டு போதும். ஏழைக்கு வீடு தருகிறோம் என்பதைப் பெரிய கோபுரங்களுக்கு வாசல் காவலாக நிறுத்தியதுதான் இரண்டு தரப்பையும் மோத விட்டது. 'அனைவருக்குமான மாநகர்' என்பதில் அந்தக் குடும்பங்கள் முதல் வரிசையில் இருந்திருக்க வேண்டும், வழக்கின் கடைசி வரிசையில் இல்லை.

பார்வையற்ற அண்ணனின் மஞ்சள் கோட்டுக்கும் சட்டம் உண்டு. 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 26ஆவது பிரிவு, பொது இடங்களையும் வசதிகளையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்தும் உரிமையை அவர்களுக்குத் தருகிறது. படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் உரிமையைத் தந்த சட்டம், மீறுபவருக்குத் தண்டனை என்று எதையும் எழுதாமல் வந்தது. போதாக்குறைக்கு 41ஆவது பிரிவு அரசின் மீது வழக்குத் தொடுக்க முடியாதபடி பாதுகாப்பும் தருகிறது. இதை அண்ணனிடம் சொன்னபோது சிரித்தார். "தெரியும்மா. பிரெயிலில் படிச்சிருக்கேன்."

மறுவாரம் அம்மாவைப் பார்க்கக் கிள்ளானுக்குப் போனேன். பழக்கம் தொற்றிக்கொண்டது. தெங்கு கிளானா சாலையில் நடக்கும்போதும் கண் தரையைத்தான் பார்த்தது. தீபாவளி நேரத்தில் அந்தச் சாலை எப்படி இருக்கும் என்று கிள்ளான்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முறுக்கு, துணி, மருதாணி, பட்டாசு வாசம், இரட்டை வரிசையில் நிறுத்திய கார். சாதாரண நாளிலும் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு கடை வரிசையை முழுதாகக் கடக்க முடியாது. அஞ்சடியின் தரை ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வோர் உயரம்.

ஆனால் இதே கிள்ளானில்தான் எனக்கு மிகவும் பிடித்த பாலம் இருக்கிறது. ஊரை வடக்கு தெற்காகப் பிரிக்கும் கிள்ளான் ஆற்றின் மேல் 1950களின் இறுதியில் கட்டிய ஜம்பாத்தான் கோத்தா. இரண்டு தளம். மேல் தளம் வாகனங்களுக்கு. கீழ்த் தளம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும். மழை பெய்தாலும் நனையாது, லாரி உரசாது. புதிய பாலம் வந்தபின் மேல் தளத்தில் வாகனப் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். கீழ்த் தளத்தில் இன்றும் ஆட்கள் நடக்கிறார்கள். சின்ன வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அதன் வழியே போகும்போது, ஆற்றைப் பார்க்க நின்று நின்று திட்டு வாங்குவேன். மாதிரி தேடி யாரும் வெளிநாடு போக வேண்டாம், அறுபது ஆண்டுகளுக்கு முன்பே நம் ஊரிலேயே செய்திருக்கிறார்கள்.

2024 பிப்ரவரியில் கிள்ளான் அரச மாநகரானது. பெயர்ப் பலகைகள் மாறின. மாநகர் ஆனதும் நடைபாதை ஓர் அங்குலம் அகலமானதா என்று அம்மாவைக் கேட்டேன். "நீ முதல்ல உன் காரை எங்க நிறுத்தியிருக்கேன்னு போய்ப் பாரு" என்றார். போய்ப் பார்த்தேன். பின் சக்கரம் இரண்டும் நடைபாதை மேல்தான் இருந்தன.

வெட்கமாக இருந்தது, மறைக்க விரும்பவில்லை. நகர வடிவமைப்பு என்றால் மேயரும் அமைச்சரும் கட்டட நிறுவனமும் செய்வது என்று எழுதிக்கொண்டே போகலாம். அது உண்மையும்கூட. கம்பத்தை நாம் நடவில்லை. ஆனால் அந்தப் பதினொன்றில் ஏழு வண்டிகள் நம்மைப் போன்றவர்கள் வாழையிலைச் சாப்பாடு வாங்கவும் பூ வாங்கவும் "அஞ்சே நிமிஷம்" என்று நிறுத்தியவை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திட்ட வரைவுகள் வெளியாகும்போது ஆட்சேபமோ ஆலோசனையோ தெரிவிக்கப் பொதுமக்களுக்குக் காலக்கெடு தருகிறார்கள். பங்சாரிலிருந்தும் தாமான் துன்னிலிருந்தும் வழக்கறிஞர்களோடு வந்து பேசுகிறார்கள். நம் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்து எத்தனை பேர் போகிறோம்? உங்கள் வீட்டுக்கு அருகே காலி நிலத்தில் பலகை நட்டிருந்தால் வண்டியை நிறுத்தி (நடைபாதையில் வேண்டாம்) படித்துப் பாருங்கள். எத்தனை மாடி, எத்தனை வீடு என்று அதில் எழுதியிருக்கும். படம் எடுத்து, குடியிருப்பாளர் சங்கத்தின் வாட்சப் குழுவில் போடுங்கள். பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவே அதுவும் கிடக்கட்டும்.

அடுத்த திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலை வாசித்து முடித்ததும், தயாரிப்பாளரிடம் சொல்லிவைத்திருந்தபடி இன்னும் இருபது விநாடி எடுத்துக்கொண்டேன். "நடைபாதை நிலவரம். பிரிக்பீல்ட்ஸ், துன் சம்பந்தன் சாலை. மோனோரயில் நிலையத்தைத் தாண்டி மஞ்சள் பாதையில் மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்கிறது. அதற்கடுத்த முனையில் ஓடு பெயர்ந்திருக்கிறது. அந்த வழியாக வருபவர்கள் கவனமாகச் செல்லுங்கள். மோட்டாரின் உரிமையாளர் கேட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து நகர்த்திவிடுங்கள்."

பத்து மணிக்கு நிகழ்ச்சி முடிந்து கைப்பேசியைத் திறந்தேன். அண்ணனின் ஒலிச்செய்தி காத்திருந்தது.

"தங்கச்சி, கேட்டேன். ரொம்ப நன்றிம்மா. மோட்டாரை எடுத்துட்டாங்க." பின்னால் மோனோரயில் கடந்து போகும் சத்தம். "இப்ப அங்க ஒரு பூச்சட்டி வச்சிருக்காங்க."